ஐந்து வாரத் தீர்ப்புகள்: அமெரிக்கக் கால்பந்தின் சீசன் தொடக்கப் பேச்சுகளை எடைபோடுவது எப்படி

2024 செப்டம்பர் 8ஆம் தேதி, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். சீசனின் முதல் ஞாயிற்றுக்கிழமை, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி தன் சொந்த அரங்கில் கரோலினா பேந்தர்ஸ் அணியை 47-10 என்ற கணக்கில் நொறுக்கியது. கரோலினாவின் இளம் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தெறிபவர்) பிரைஸ் யங் எறிந்த முதல் பந்தே எதிரணி வீரரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு செயின்ட்ஸ் டெக்சாஸுக்குச் சென்று டல்லஸ் கவ்பாய்ஸை அதன் சொந்த மண்ணிலேயே 44-19 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் ஆல்வின் கமாரா ஒருவரே நான்கு டச் டவுன் (பந்தை எதிரணியின் கோல் பகுதிக்குள் சேர்த்துப் பெறும் ஆறு புள்ளி) எடுத்தார். இரண்டு ஆட்டங்களில் 91 புள்ளிகள் குவித்த அணியைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தாக்குதல் பிரிவைப் புதிதாகப் பொறுப்பேற்ற கிளின்ட் குபியாக்கின் திட்டம் கொண்டாடப்பட்டது. தலைமைப் பயிற்சியாளர் டென்னிஸ் ஆலனின் நாற்காலி ஆடுகிறது என்று கோடை முழுவதும் பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், இரண்டாவது ஆட்டத்திலும் 26-3 என்று தோற்ற கரோலினா, புதுமுக வீரர்களை அணிகள் எடுக்கும் 2023ஆம் ஆண்டுத் தேர்வில் முதல் ஆளாக எடுத்த யங்கை இரண்டே ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார வைத்தது.

அடுத்து நடந்தவை ஒவ்வொன்றும் இந்தப் பேச்சுக்கு எதிராகவே அமைந்தன. செயின்ட்ஸ் தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோற்றது. அந்த ஏழாவது தோல்வி நவம்பர் 3ஆம் தேதி, அதே கரோலினாவிடம், 23-22 என்ற கணக்கில் வந்தது. மாற்று குவார்ட்டர்பேக் ஆன்டி டால்டன் கார் விபத்தில் கட்டைவிரலைக் காயப்படுத்திக்கொண்டதால் திரும்ப அழைக்கப்பட்டிருந்த பிரைஸ் யங்தான் அன்று பந்தெறிந்தார். மறுநாள் டென்னிஸ் ஆலன் பதவி நீக்கப்பட்டார். சீசன் முடிந்தபோது இரு அணிகளின் கணக்கும் ஒன்றாகவே இருந்தது: 5 வெற்றி, 12 தோல்வி. முதல் வாரத்தில் 37 புள்ளி இடைவெளியில் நின்ற இரண்டு அணிகளுக்கிடையே கடைசியில் இடைவெளியே இல்லை.

சீசன் தொடக்கப் பேச்சுகள் ஏன் இப்படிப் பொய்த்துப்போகின்றன என்பதும், எந்த வகைப் பேச்சு பொய்க்காமல் நிற்கிறது என்பதும் விளங்கிக்கொள்ளக்கூடியவையே. முதல் நான்கைந்து வாரங்கள் ஒரு தனி அணியைப் பற்றித் தரும் சாட்சியம் மிக மெலிந்தது. லீக் முழுவதையும் பற்றித் தரும் சாட்சியம் அதைவிட வலுவானது. ஆனால் அணி உரிமையாளர்கள் முடிவெடுப்பது பெரும்பாலும் மெலிந்த சாட்சியத்தை வைத்துத்தான்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். ஒரு என்.எஃப்.எல். அணி வழக்கமான சீசனில் ஆடுவது 17 ஆட்டங்கள். அமெரிக்கக் கூடைப்பந்தில் 82, பேஸ்பாலில் 162. ஒரு பேஸ்பால் அணி இரண்டு ஆட்டங்களில் தோற்றால் அது செய்தியே ஆகாது. இங்கே அது சீசனின் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கைவிட்டுப்போனதாகும். வாரத்துக்கு ஒரு ஆட்டம், இடையில் ஆறு நாள் பேச நேரம் என்ற அமைப்பும் சேர்ந்து ஒவ்வொரு முடிவின் மீதும் அது தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமையை ஏற்றிவிடுகிறது. ஒரு ஆட்டத்துக்குள்ளேயும் மாதிரி சிறியதுதான். ஓர் அணிக்குப் பந்து கையில் கிடைக்கும் வாய்ப்புகள் பெரும்பாலும் பத்து, பதினொன்றுதான். அவற்றில் ஒன்றோ இரண்டோ தற்செயலாகத் தடம் மாறினாலே வெற்றி தோல்வி இடம் மாறிவிடும். தரையில் விழுந்த முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பது அதற்கே தெரியாது. அதை யார் கைப்பற்றுகிறார்கள் என்பதில் திறமையைவிட அதிர்ஷ்டமே பெரும்பங்கு வகிக்கிறது என்பதைப் புள்ளிவிவரக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள்.

தற்செயல் என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024 செப்டம்பர் 15 அன்று வாஷிங்டனில் நடந்த ஆட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். நியூயார்க் ஜயன்ட்ஸின் உதைப்பாளர் கிரகாம் கானோ ஆட்டத்தின் முதல் உதையிலேயே, பந்தை ஏந்தி ஓடிவந்தவரைத் துரத்தும்போது தொடைத்தசையைக் காயப்படுத்திக்கொண்டு வெளியேறினார். மாற்று உதைப்பாளரை அந்த அணி களத்துக்கு அழைத்து வரவில்லை. அதன் பின் ஜயன்ட்ஸ் மூன்று டச் டவுன் எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு வழக்கமாகக் கிடைக்கும் எளிய ஒற்றைப் புள்ளியை உதைத்துப் பெற ஆள் இல்லாததால் மும்முறையும் வெறுங்கையோடு திரும்பியது. வாஷிங்டன் கமாண்டர்ஸ் ஒரு டச் டவுன்கூட எடுக்கவில்லை. ஏழு ஃபீல்ட் கோல்களை (கம்பங்களுக்கிடையே உதைத்துப் பெறும் மூன்று புள்ளி) மட்டும் உதைத்து 21-18 என்று வென்றது. வாரக் கடைசியில் அட்டவணையைப் பார்ப்பவருக்கு வாஷிங்டன் 1-1 (ஒரு வெற்றி, ஒரு தோல்வி), ஜயன்ட்ஸ் 0-2 என்பது மட்டுமே தெரியும். ஒருவரது தொடைத்தசை அந்த இரண்டு எண்களையும் எழுதியது என்பது அட்டவணையில் இராது. (ஜயன்ட்ஸ் 3-14 என்று முடித்தது, அந்த அணி மோசமானது என்பது உண்மைதான். ஆனால் அதை நிரூபித்தது அந்த ஆட்டம் அல்ல.)

சிறிய மாதிரி என்பது கதையின் பாதிதான். செப்டம்பரில் ஆடப்படும் ஆட்டமே டிசம்பரில் ஆடப்படும் ஆட்டத்திலிருந்து தரத்தில் வேறுபட்டது. 2011ஆம் ஆண்டு லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே ஏற்பட்ட கூட்டு ஒப்பந்தம், கோடைக்கால முகாமில் ஒரே நாளில் இருமுறை முழுக்கவசம் அணிந்து மோதிப் பயிற்சி செய்யும் பழக்கத்துக்கு முடிவு கட்டியது. சீசனுக்குள் கவசப் பயிற்சிகளின் எண்ணிக்கையையும் 14 ஆகக் குறைத்தது. வீரர்களின் உடல்நலத்துக்கு அது தேவையான மாற்றம். 2021இல் சீசன் 16 ஆட்டங்களிலிருந்து 17 ஆனபோது, நான்காக இருந்த முன்பருவப் பயிற்சி ஆட்டங்கள் மூன்றாயின. அந்த மூன்றிலும் முக்கிய வீரர்களை இறக்காத பயிற்சியாளர்கள் பலர். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் ஷான் மெக்வே இதில் பெயர்பெற்றவர். ஆக, பழைய காலத்தில் ஆகஸ்ட் மாதத்தில் மூடிய வாசலுக்குள் நடந்த தடுமாற்றமெல்லாம் இப்போது செப்டம்பரில் தொலைக்காட்சியில் நடக்கிறது.

இந்தத் தடுமாற்றம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மிக அதிகமாகப் பாதிக்கப்படுவது தாக்குதல் முன்வரிசை. குவார்ட்டர்பேக்கைக் காத்து நிற்கும் அந்த ஐந்து பேரும் ஒருவர் எதிராளியை விடும் கணத்தில் பக்கத்தில் இருப்பவர் பிடிக்க வேண்டும். எதிரணி கடைசி நொடியில் இடம் மாறினால் ஐவரும் பேசாமலேயே ஒரே முடிவுக்கு வர வேண்டும். இது திறமையால் மட்டும் வருவதல்ல, ஒன்றாகச் சேர்ந்து மோதி மோதித்தான் வரும். நடுவில் நிற்கும் சென்டர்தான் எதிரணியின் அமைப்பைப் படித்து மற்ற நால்வருக்கும் சொல்பவர். செயின்ட்ஸின் சரிவை இங்கிருந்து பார்த்தால் புதிர் அவிழ்கிறது. மூன்றாம் வாரத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸுடன் நடந்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சென்டர் எரிக் மெக்காய் இடுப்புப் பகுதிக் காயத்தோடு வெளியேறிப் பல வாரங்கள் திரும்பவில்லை. குபியாக்கின் திட்டம் முன்வரிசை முழுவதும் ஒரே திசையில் பக்கவாட்டில் நகர்வதையும், அந்த ஓட்டத்தைப்போலவே பாவனை காட்டிப் பந்தை எறிவதையும் நம்பியிருந்தது. அச்சாணி கழன்றதும் ஓட்டம் நின்றது. ஓட்டம் நின்றதும் பாவனையை யாரும் நம்பவில்லை. 91 புள்ளிகள் எடுத்த அணி அன்று எடுத்தது 12. பிறகு குவார்ட்டர்பேக் டெரெக் காருக்கே காயம். முதல் இரண்டு வாரங்களில் நாம் பார்த்தது பொய்யில்லை. அது முழு உடல்நலத்தோடு இருந்த ஓர் அணி, தன்னை இன்னும் படித்திராத எதிரிகளோடு ஆடிய இரண்டு ஆட்டங்கள், அவ்வளவுதான். புதிய திட்டம் ஒன்றுக்கு இரண்டு வாரப் படப்பதிவு கிடைத்துவிட்டால், மறுமொழி தயாரிக்க இந்த லீக்கின் தடுப்புப் பயிற்சியாளர்களுக்கு மூன்றாவது வாரம் போதும்.

ஒவ்வோர் ஆண்டும் இரண்டாவது வாரம் முடிந்ததும் தவறாமல் வலம்வரும் ஒரு புள்ளிவிவரம் உண்டு: 1990 முதல் 0-2 என்று தொடங்கிய அணிகளில் ஏறத்தாழ எட்டில் ஒன்றுதான் சீசனுக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்றான ப்ளேஆஃபை எட்டியிருக்கிறது. எண் சரியானதே. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவில்தான் சிக்கல். 0-2 என்று தொடங்கும் அணிகளில் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே பலவீனமானவை. அவை இரண்டு ஆட்டங்களில் தோற்றதால் ப்ளேஆஃபை இழக்கவில்லை. ப்ளேஆஃபுக்குத் தகுதியில்லாதவை என்பதால்தான் இரண்டையும் தோற்றன. நல்ல அணி ஒன்று கெட்ட நேரத்தால் 0-2 ஆகும்போது அதற்கும் இதே எட்டில் ஒன்று என்ற விகிதத்தைப் பொருத்துவது, மருத்துவமனையில் சேருகிறவர்களின் சராசரியை வைத்து விரல் முறிந்தவரின் ஆயுளைக் கணிப்பதற்கு ஒப்பானது. ப்ளேஆஃபுக்குத் தகுதிபெறும் அணிகள் 2020இல் 12இலிருந்து 14 ஆக உயர்ந்ததால் பழைய ஆண்டுகளின் விகிதம் இன்றைக்கு அப்படியே பொருந்துவதும் இல்லை.

2024இல் ஒன்பது அணிகள் 0-2 என்று தொடங்கின. அவற்றில் பால்டிமோர் ரேவன்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ், டென்வர் பிராங்கோஸ் ஆகிய மூன்றும் ப்ளேஆஃபுக்குச் சென்றன. பால்டிமோரின் முதல் தோல்வி எப்படிப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். செப்டம்பர் 5, வியாழக்கிழமை இரவு, கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 27-20 என்று முன்னிலை. கடிகாரம் ஓடி முடிந்துகொண்டிருக்க, லமார் ஜாக்சன் எறிந்த பந்தை ஐசையா லைக்லி கோல் பகுதியின் பின்விளிம்பில் பிடித்தார். நடுவர்கள் டச் டவுன் என்று கை உயர்த்தினார்கள். பிறகு மெதுவோட்டக் காட்சியில் பார்த்தபோது, அவரது காலணியின் முனை வெள்ளைக் கோட்டின் மீது பட்டிருந்தது. டச் டவுன் ரத்தானது, ஆட்டம் முடிந்தது. அடுத்த வாரம் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸிடம் கடைசிக் கால்பகுதியில் பத்துப் புள்ளி முன்னிலையைத் தவறவிட்டு 26-23 என்று தோற்றது. இந்த இரண்டுக்கும் பிறகு எழுந்த ‘பால்டிமோர் முடிந்தது’ என்ற பேச்சு, ஒரு கட்டைவிரல் அகலத்தின் மீது கட்டப்பட்டது. அந்த அணி 12-5 என்ற கணக்கில், லீக்கில் தான் இடம்பெற்ற நான்கு அணிப் பிரிவின் முதலிடத்தைப் பிடித்தது. ராம்ஸின் நிலை வேறு. அதன் இரண்டு முதன்மைப் பந்துபிடிப்பாளர்களான பூக்கா நகுவா, கூப்பர் கப் இருவரும் முதல் இரண்டு வாரங்களிலேயே காயமடைந்தார்கள். 1-4 வரை சரிந்த அணி, அவர்கள் திரும்பிய பின் 10-7 என்று பிரிவை வென்றது.

தொடக்கக் கணக்குக்கு மதிப்பே இல்லை என்று சொல்வதும் மிகை. அதே 2024இல் 2-0 என்று தொடங்கிய அணிகளும் ஒன்பது. அவற்றில் ஏழு ப்ளேஆஃபை எட்டின. செயின்ட்ஸும் சியாட்டல் சீஹாக்ஸும்தான் தவறவிட்டவை. ஒன்பதில் ஏழும் ஒன்பதில் மூன்றும் ஒன்றாகிவிடாது. வென்ற ஆட்டங்கள் கையில் இருக்கும் முதல். அவற்றை யாரும் திரும்பப் பறிக்க முடியாது. ஆனால் ஓர் அணி எவ்வளவு தரமானது என்ற கேள்விக்கும் அது ஏற்கெனவே எத்தனை வென்றிருக்கிறது என்ற கேள்விக்கும் விடை வேறு வேறு. செப்டம்பர் விவாதங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன.

இந்தக் குழப்பத்தின் முழு வடிவத்தையும் பார்க்க விரும்புகிறவர்கள் அதே ஆண்டின் பிலடெல்பியா ஈகிள்ஸைப் பார்க்கலாம். முந்தைய சீசனில் 10-1 என்று தொடங்கி, மீதமிருந்த ஆறில் ஐந்தைத் தோற்று, ப்ளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே தாம்பா பேயிடம் 32-9 என்று அடிவாங்கிய அணி அது. பயிற்சியாளர் நிக் சிரியானியின் பதவி தப்பியதே பெரிது என்று பேசப்பட்ட நிலையில் புதிய சீசன் தொடங்கியது. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் கிரீன் பே பேக்கர்ஸை 34-29 என்று வென்றது. நியூயார்க் ஜயன்ட்ஸிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த சேக்வான் பார்க்லி மூன்று டச் டவுன் எடுத்தார்.

இரண்டாவது வாரம், திங்கட்கிழமை இரவு, அட்லான்டா ஃபால்கன்ஸுடன் ஆட்டம். 18-15 என்று ஈகிள்ஸ் முன்னிலை, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம் மீதி, பந்து அட்லான்டாவின் கோல் கோட்டுக்குப் பத்து யார்டு தொலைவில். பந்தைத் தக்கவைக்க நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு கடக்க வேண்டும்; இது மூன்றாவது முயற்சி, இன்னும் மூன்று யார்டு தேவை. ஆட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமைகள் அனைத்தையும் அட்லான்டா ஏற்கெனவே பயன்படுத்தித் தீர்த்திருந்தது. ஜேலன் ஹர்ட்ஸ் மென்மையாக எறிந்த பந்து தனியாக நின்ற பார்க்லியின் கைகளில் பட்டுக் கீழே விழுந்தது. பிடித்திருந்தால் கிட்டத்தட்ட ஆட்டமே முடிந்திருக்கும். விழுந்ததால் கடிகாரம் நின்றது. ஈகிள்ஸ் ஃபீல்ட் கோல் அடித்து 21-15 ஆக்கியது. கர்க் கசின்ஸ் ஆறே நகர்வுகளில் 70 யார்டு கடந்து டிரேக் லண்டனிடம் டச் டவுன் எறிந்தார். 22-21, அட்லான்டா வெற்றி. அந்த வாரம் முழுவதும் பிலடெல்பியாவில் பேச்சு மூன்று திசைகளில் ஓடியது: பார்க்லிக்குக் கொடுத்த பணம் வீண், தடுப்புப் பிரிவின் பயிற்சியாளர் விக் ஃபான்ஜியோவின் திட்டம் கிழவர்களுக்கானது, அந்த மூன்றாவது முயற்சியில் பந்தை எறியச் சொன்னது மடத்தனம். மூன்றாவது குற்றச்சாட்டு விவாதத்துக்குரியது. முதல் இரண்டும் எப்படி முடிந்தன என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான்காம் வாரம் தாம்பா பேயில் 33-16 என்று தோற்று 2-2 ஆனது ஈகிள்ஸ். அன்று இரண்டு முதன்மைப் பந்துபிடிப்பாளர்களான ஏ.ஜே. பிரவுனும் டெவான்டா ஸ்மித்தும், முன்வரிசைத் தூணான லேன் ஜான்சனும் ஆடவில்லை. நான்கு ஆட்டங்களில் ஹர்ட்ஸ் ஏழு முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்திருந்தார். ஐந்தாம் வாரம் அந்த அணிக்கு ஓய்வு வாரம். என் பார்வையில், அந்த சீசனின் மிக முக்கியமான வாரம் ஆட்டமே இல்லாத அந்த வாரம்தான். பயிற்சியாளர்கள் தங்கள் சொந்த ஆட்டத்தையே எதிரணியின் கண்ணால் பார்த்து ஆராய நேரம் கிடைத்தது. புதுமுகம் கூப்பர் டிஜீன் உட்புறக் காவலில் முழுநேர இடம் பெற்றார். காயமடைந்தவர்கள் திரும்பினார்கள். ஹர்ட்ஸ் எறிவதைக் குறைத்து, பார்க்லி ஓடுவதைக் கூட்டினார்கள். முதல் நான்கு ஆட்டங்களில் நான்கு பந்துகளை எதிரணியின் கையில் எறிந்த ஹர்ட்ஸ், மீதி சீசன் முழுவதிலும் ஒன்றே ஒன்றை மட்டும் எறிந்தார். தொடர்ந்து பத்து வெற்றிகள், மொத்தம் 14-3, பார்க்லிக்கு 2,005 யார்டு, ஃபான்ஜியோவின் தடுப்புப் பிரிவுக்கு விட்டுக்கொடுத்த யார்டுக் கணக்கில் லீக்கில் முதலிடம். 2025 பிப்ரவரி 9 அன்று லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் கான்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்றது.

இப்போது லீக் முழுவதையும் பற்றிய பேச்சுக்கு வரலாம். 2024 செப்டம்பரில் அதிகம் பேசப்பட்ட இன்னொரு விஷயம், பந்தெறிதல் ஏன் இப்படி வற்றிப்போயிற்று என்பது. முதல் வாரங்களில் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்குகள்கூட வழக்கத்தைவிட மிகக் குறைந்த யார்டுகளோடு திரும்பினார்கள். இதற்கான விளக்கம், தடுப்புப் பிரிவுகள் பின்னால் ஒருவருக்குப் பதில் இரண்டு சேஃப்ட்டிகளை (கடைசிக் காவலர்களை) ஆழமாக நிறுத்தும் அமைப்புக்குப் பெருமளவில் மாறியிருந்தன என்பதே. இரண்டு பேர் மேலே நின்றால் நீண்ட எறிதலுக்கு இடமில்லை. குவார்ட்டர்பேக் பொறுமையாக ஐந்தைந்து யார்டாகச் சேர்க்க வேண்டும். பத்து நகர்வுக்குள் யாராவது ஒருவர் எங்காவது தவறு செய்வார் என்று தடுப்புப் பிரிவு காத்திருக்கும். இந்தச் சிந்தனையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் அதே ஃபான்ஜியோ. இதற்கு ஒரு விலை உண்டு. பின்னால் இருவரை வைத்தால் முன்னால் ஒருவர் குறைவார். ஓடுகிறவருக்கு வழி அகலமாகும். பார்க்லி 2,005 யார்டும், பால்டிமோரின் டெரிக் ஹென்ரி 1,921 யார்டும் ஓடியது இந்த விலையின் ரசீது என்று சொல்லலாம். இருவருமே அந்த ஆண்டுதான் புதிய அணிக்கு மாறியவர்கள் என்பது தற்செயல் மட்டுமல்ல. ஓட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது வீண் என்று லீக் முழுவதும் நம்பிய காலத்தில், இரண்டு அணிகள் அந்த நம்பிக்கைக்கு எதிராகப் பந்தயம் கட்டின.

தொடக்க உதை விதியும் இதே வகைதான். 2024இல் லீக் தொடக்க உதையின் அமைப்பையே மாற்றியது: உதைப்பவர் மட்டும் பழைய இடத்தில் நிற்க, அவரது அணியின் மற்றப் பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்டு கோட்டில், எதிராளிகளுக்கு மிக அருகில் நிற்பார்கள், பந்து பிடிக்கப்படும் அல்லது தரையைத் தொடும் வரை, உதைப்பவரையும் பந்தை ஏந்துபவர்களையும் தவிர யாரும் அசையக் கூடாது. முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவதால் ஏற்பட்ட காயங்களைக் குறைத்துக்கொண்டே, பந்தை ஏந்தி ஓடும் காட்சியை உயிர்ப்பிப்பதே நோக்கம். ஆனால் பந்து கோல் பகுதிக்குள் பறந்து விழுந்தால் எதிரணி 30 யார்டு கோட்டிலிருந்து தொடங்கும் என்று வைத்தார்கள். பெரும்பாலான பயிற்சியாளர்கள், ஓடவிட்டு ஆபத்தைத் தேடுவதைவிட 30ஐக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். 2023இல் ஏறத்தாழ 22 விழுக்காடாக இருந்த ஓட்டங்கள் 2024இல் 33 விழுக்காட்டை ஒட்டியே நின்றன. 2025இல் அந்த 30ஐ 35 ஆக்கினார்கள். ஐந்தே யார்டு வித்தியாசம் கணக்கைத் தலைகீழாக்கியது. புதிய சீசனின் முதல் வாரங்களிலேயே தொடக்க உதைகளில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் ஓட்டமாக மாறின. இங்கே முதல் வாரத்தின் சாட்சியம் நம்பத்தக்கது. காரணம் எளிது: ஓர் அணிக்கு அந்த வாரத்தில் ஒரு ஆட்டம்தான், லீக்குக்குப் பதினாறு ஆட்டங்கள், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தொடக்க உதைகள். தற்செயல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரைந்துபோகும் அளவுக்கு அது பெரிய மாதிரி.

இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு. அங்கே நிற்பவர்கள் தனி வீரர்கள், குறிப்பாகக் குவார்ட்டர்பேக்குகள். நான்கு ஆட்டங்களில் ஒருவர் நூறு பந்துகளுக்கு மேல் எறிவார். அணியின் வெற்றி தோல்வியைவிட அது பெரிய மாதிரி, ஆனால் முன்வரிசையின் நிலை, எதிரணியின் தரம் ஆகியவற்றால் கறைபட்டது. வாஷிங்டனின் புதுமுகம் ஜேடன் டேனியல்ஸ் செப்டம்பர் 23 அன்று சின்சினாட்டியில் 23 பந்துகளில் 21ஐச் சேர வேண்டிய கையில் சேர்த்து அணியை 38-33 என்று வெல்லவைத்தபோது எழுந்த ஆரவாரம் கடைசி வரை பொய்க்கவில்லை. முந்தைய ஆண்டு 4-13 ஆக இருந்த அணி 12-5 ஆகி, மாநாட்டு (லீக்கின் இரு பாதிகளில் ஒன்றின்) இறுதி ஆட்டம்வரை சென்றது. பிரைஸ் யங்கைப் பற்றிய தீர்ப்பு இரண்டு ஆட்டங்களை மட்டும் வைத்து எழுதப்பட்டதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய சீசனில் 2-15 என்று முடித்த அணியின் நினைவும் அதில் கலந்திருந்தது. ஆனால் புதிய பயிற்சியாளர் டேவ் கனாலிஸ், புதிய முன்வரிசை, புதிய திட்டம் ஆகியவற்றோடு அவர் ஆடியது இரண்டே ஆட்டங்கள். அவரது திறமையை அளப்பதற்கு முன்பே அளவுகோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

மெலிந்த சாட்சியத்தை வைத்து வலுவான முடிவுகளை எடுக்க வைப்பது எது? பொறுமையின்மை என்று உரிமையாளர்களைத் திட்டுவது எளிது. ஆனால் அவர்கள் நிற்கும் இடம் அப்படிப்பட்டது. பதினேழு ஆட்டங்களில் ஐந்து போய்விட்டால் திருத்திக்கொள்ளப் பன்னிரண்டே மிச்சம். காத்திருந்து உறுதியான சாட்சியம் கிடைக்கும்போது சீசன் முடிந்திருக்கும். வயது முதிர்ந்த நட்சத்திர வீரர் ஒருவரை நம்பி அணியைக் கட்டியிருந்தால் அடுத்த சீசன் என்ற ஒன்றே இல்லாமல் போகலாம்.

நியூயார்க் ஜெட்ஸ் சரியாக அந்த நிலையில்தான் இருந்தது. 2023இல் ஆரன் ரோஜர்ஸை வரவழைத்து, அவர் ஆடிய நான்காவது நகர்விலேயே குதிகால் தசைநாண் அறுந்து சீசன் முழுவதையும் இழந்த அணி அது. 2024இல் அவர் திரும்பினார், வயது 40. நான்காம் வாரம் டென்வரிடம் 10-9 என்று தோற்றார்கள். கடைசி நிமிடத்தில் கிரெக் சூர்லைன் உதைத்த 50 யார்டு ஃபீல்ட் கோல் விலகிப் போனது. ஐந்தாம் வாரம் லண்டனில் மினசோட்டா வைகிங்ஸிடம் 23-17; ரோஜர்ஸ் மூன்று முறை எதிரணியின் கையில் எறிந்தார், ஒன்று நேரே டச் டவுனாகத் திரும்பி வந்தது. கணக்கு 2-3. அந்த உதை உள்ளே போயிருந்தால் 3-2. பிரிவின் முதலிடத்துக்கு எட்டும் தொலைவில் இருந்திருப்பார்கள். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 8ஆம் தேதி, உரிமையாளர் வுடி ஜான்சன் தலைமைப் பயிற்சியாளர் ராபர்ட் சாலேவை நீக்கினார். அப்போது சாலே வளர்த்த தடுப்புப் பிரிவு லீக்கின் முன்னணித் தடுப்புகளில் ஒன்றாக இருந்தது. தடுமாறியது தாக்குதல் பிரிவு.

தடுப்பை நடத்திவந்த ஜெஃப் உல்ப்ரிக் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். மீதமிருந்த பன்னிரண்டு ஆட்டங்களில் ஜெட்ஸ் மூன்றை வென்று, ஒன்பதில் தோற்றது. நவம்பரில் பொது மேலாளர் ஜோ டக்ளஸும் நீக்கப்பட்டார். சீசனுக்குப் பின் ரோஜர்ஸும் அங்கே இல்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குப் போனார். சாலே 2025இல் தான் முன்பு வேலைபார்த்த சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸுக்கே திரும்பி, அங்கே மீண்டும் தடுப்புப் பிரிவைப் பொறுப்பேற்றார்.